காரியாலய மேசைப் போனும் அதன் பட்டன்களும்: ஒரு சின்ன வரலாறு

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

கட்டுகஸ்தோட்டையில் எந்தக் காரியாலயத்துக்குள் போனாலும், அது பாடசாலையோ பள்ளிவாசல் நிர்வாக அறையோ மாத்தளை வீதிக் கடையின் கேஷியர் மேசையோ, ஒரு போன் இருக்கும். இலக்கமும் * # உம் சேர்த்து 12 பட்டன். அவற்றைச் சுற்றி ஹோல்ட், மியூட், ஃப்ளாஷ், ட்ரான்ஸ்ஃபர், கொன்ஃபரன்ஸ், ரீடயல் என்று இன்னும் ஒரு கூட்டம். நன்றாகக் கவனித்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருப்பது இலக்கங்களிலும் ரீடயலிலும் மட்டும்தான். மற்றவை கடையிலிருந்து வந்த நாளைப் போலவே பளபளவென்று இருக்கும். ஒருவரும் தொடுவதில்லை.

அந்தத் தொடாத பட்டன்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இன்று எழுதப் போகிறோம். சுருக்கமாகச் சொன்னால், அவற்றில் பல ஒரு காலத்தில் பட்டன்களே அல்ல, மனிதர்கள் கையால் செய்த வேலைகள்.

கிரகம் பெல் 1876இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி மட்டும் இருந்து பிரயோசனமில்லை. நூறு வீட்டில் நூறு போன் இருந்தால் எதை எதோடு இணைப்பது? அதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். முதலில் தந்தி அலுவலகப் பையன்களை அந்த வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் கோல் எடுத்தவர்களிடமே துடுக்காகப் பேசினார்கள், தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். 1878 செப்டம்பர் 1ஆந் திகதி பொஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் டெலிபோன் ஒப்பரேட்டர் அவர்தான். அதன் பிறகு பல தசாப்தங்களுக்கு இந்தத் தொழில் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது.

ஒப்பரேட்டரின் முன்னால் ஒரு பலகை. பலகை முழுக்கத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு வீடு அல்லது ஒரு காரியாலயம். கையில் கயிறு போன்ற வயர், அதன் நுனியில் பித்தளை முளை. ஒருவர் போனைத் தூக்கினால் பலகையில் அவருடைய சிறிய விளக்கு எரியும். ஒப்பரேட்டர் முளையைச் செருகி “நம்பர் பிளீஸ்” என்பார். மற்ற முளையை வேண்டிய துளையில் செருகுவார். கதை முடிந்ததும் உருவுவார். இன்று பள்ளிவாசல் மைக் செட்டில் பெரிய ஜாக் ஒன்று செருகுகிறோமே, அந்த முளையின் வாரிசுதான் அது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அளவுகூட அநேகமாக மாறவில்லை.

இலங்கையில் இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்பில் தொடங்கி, பிறகு தபால் தந்தித் திணைக்களத்தின் கைக்கு வந்தது. எங்கள் பக்கம் தோட்டத்துத் துரைமார் பங்களா, கச்சேரி, பெரிய கடைகள் என்று மெல்ல மெல்ல ஏறியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் போர்த் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மா வரை நீண்ட ஒரு யுத்தத்தைக் கண்டியிலிருந்து நடத்தினார்கள். பூங்காவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது நாம் ஓர்கிட் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்த அந்த இடம் தந்தியும் டெலிபோனும் இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூட ஓடியிருக்காது என்பதையும் சொல்லலாம்.

நமது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது ட்ரங்கோல் காலம். கொழும்புக் கடையில் நிற்கும் வாப்பாவோடு பேசுவதென்றால் ஒப்பரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் அவர் திருப்பி எடுப்பார். மூன்று நிமிடம் முடிந்தால் நடுவில் குரல் கொடுப்பார். அக்குறணை, மடவளை வியாபாரிகள் நாடு முழுக்கக் கடை வைத்திருந்தவர்கள். மிளகு விலையும் பிடவை விலையும் கல்யாணச் செய்தியும் மௌத்துச் செய்தியும் இப்படித்தான் மலைக்கு ஏறி இறங்கின.

இனி பட்டன்களுக்கு வருவோம்.

முதலில் இலக்கங்கள். ஒப்பரேட்டர் இல்லாமல் நாமே நம்பரைச் சுழற்றும் முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு மையித்து வியாபாரி! சவப்பெட்டி, அடக்கம் செய்யும் ஒழுங்குகள் எல்லாம் செய்து கொடுக்கும் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்காரர். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து, தனக்கு வரவேண்டிய கோல்களைப் புருஷனுக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, 1891இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. அடுத்த வருடமே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. வட்ட டயல் அதன் பிறகு வந்தது. தொடக்கத்தில் பட்டன்தான், 7 வேண்டுமென்றால் ஏழு தரம் அமுக்க வேண்டும்.

வட்ட டயலும் உள்ளே செய்வது அதே எண்ணிக்கைதான். 7ஐச் சுழற்றி விட்டால் அது திரும்பி வரும்போது லைனை ஏழு தரம் அறுத்து அறுத்து இணைக்கும், செக்கனுக்குப் பத்து தரம் என்ற வேகத்தில். 0 என்றால் பத்து. முன்பு காரியாலயங்களில் யாரும் களவாகக் கோல் எடுக்கக்கூடாதென்று டயல் துளையில் சின்னப் பூட்டுப் போடுவார்கள். கெட்டிக்காரப் பையன்கள் பூட்டைத் தொடவே மாட்டார்கள். ரிசீவர் வைக்கும் கொளுக்கியை விரலால் தட்டித் தட்டியே நம்பர் அடித்துவிடுவார்கள். டயல் செய்வதைத்தான் விரலும் செய்கிறது, எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தப் பந்தியை வாசித்துச் சிரிக்கும் நானாமார் நம் நண்பர் பட்டியலிலேயே சிலர் இருப்பார்கள், பெயர் சொல்லவில்லை.

1963 நவம்பரில் அமெரிக்காவில் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. இதில் துண்டிப்பு இல்லை, ஓசை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள், ஒன்று நிரைக்கு, மற்றது நிரலுக்கு. 5ஐ அமுக்கினால் 770 ஹேட்ஸும் 1336 ஹேட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். ஏன் இரண்டு? மனிதக் குரலோ பாட்டோ தவறுதலாக ஒரு இலக்கமாக விளங்கிவிடக் கூடாது என்பதற்காக. 1, 2, 3 மேலே இருப்பதும் சும்மா அல்ல. பெல் ஆய்வுகூடத்தில் பல ஒழுங்குகளை ஆட்களிடம் கொடுத்துப் பார்த்துத்தான் தெரிவு செய்தார்கள். கல்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கிறது. கல்குலேட்டரைப் பார்க்காமலே தட்டும் நமது கடைக்காரர்கள் போனில் நம்பர் பிழைத்துப்போய்த் திட்டுவாங்குவது இதனால்தான்.

* உம் # உம் 1968இல் சேர்ந்தன. அன்று அவற்றுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை, நாளைக்கு ஏதாவது இயந்திரத்தோடு மனிதன் பேச வேண்டிவரும் என்று நினைத்து இடம் ஒதுக்கி வைத்தார்கள். அந்த நாளை வந்துவிட்டது. வங்கிக்கு எடுத்தாலும் மின்சாரசபைக்கு எடுத்தாலும் இயந்திரம்தான் முதலில் பேசுகிறது. பழைய போன்களில் P/T என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், துண்டிப்பா ஓசையா என்று தெரிவு செய்ய. அது துண்டிப்பில் இருந்தால் “தமிழுக்கு இரண்டை அழுத்தவும்” என்றபோது எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. பல போன்களில் அந்த நேரம் *ஐ ஒரு தரம் அமுக்கினால் ஓசைக்கு மாறிவிடும். சுவிட்சை மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை.

இரண்டை அமுக்கிய பிறகும் மறுமுனையில் சிங்களத்தில் மட்டும் பேசுகிறார்களே என்று கேட்பீர்கள். அதற்கு எந்த சுவிட்சும் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்கிறது. மெனுவில் இருக்கிறது, கதிரையில் இல்லை.

இப்போது ஹோல்ட். இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். செப்பு லைனில் ரிசீவரைத் தூக்கியதும் இரண்டு கம்பியும் ஒரு சுற்றாக மூடுகிறது, எக்ஸ்சேஞ்சிலுள்ள 48 வோல்ட் பெற்றரியிலிருந்து மின்னோட்டம் பாய்கிறது. “இவர் லைனில் இருக்கிறார்” என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவது அந்த ஓட்டத்தால்தான். ரிசீவரை வைத்தால் சுற்று திறந்து கோல் போய்விடும். ஹோல்டை அமுக்கினால் ரிசீவருக்குப் பதிலாக ஒரு தடை அந்தச் சுற்றில் உட்கார்ந்துகொள்கிறது. பேச்சு இல்லை, ஆனால் ஓட்டம் இருக்கிறது. தரம் 10 விஞ்ஞானம், அவ்வளவுதான். 1930களின் இறுதியிலேயே அமெரிக்கக் காரியாலயங்களில் பல லைன்களை ஒரே மேசைப் போனில் கையாளும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. ஒப்பரேட்டர் முளையை உருவாமல் வைத்துக்கொண்டு “கொஞ்சம் இருங்கள் சேர்” என்று சொன்னதைத்தான் அந்த ஒரு பட்டன் செய்கிறது.

ஹோல்டில் வரும் பாட்டுக்கும் ஒரு கதை. 1960களின் தொடக்கத்தில் அல்ஃப்ரட் லெவி என்ற தொழிற்சாலை முதலாளியின் கட்டடத்தில், கழன்றுபோன டெலிபோன் வயர் ஒன்று இரும்புத் தூணில் பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ரேடியோ நிலையத்தின் பாட்டு தூண் வழியாக வயருக்குள் இறங்கியது. காத்திருந்தவர்கள் பாட்டுக் கேட்டார்கள். மனிதர் வயரைத் திருத்துவதோடு நிற்காமல் யோசனைக்குக் காப்புரிமையும் எடுத்தார். 1966இல் கிடைத்தது.

நமது காரியாலயங்களில் ஹோல்ட் என்றால் என்ன? ரிசீவரை மேசையில் கவிழ்த்து வைப்பது, அல்லது வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்துவது. கை பொத்தினால் சத்தம் நிற்காது. ஒரு உம்மா, பிள்ளையின் ஆவணம் ஒன்றுக்காக ஒரு காரியாலயத்துக்குக் கோல் எடுத்திருக்கிறார். எந்தக் காரியாலயம் என்பது இங்கே தேவையில்லை. எடுத்தவர் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்குச் சொன்னாராம், “அந்த மனிசிதான், தினமும் இதே தொல்லை” என்று. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அங்கே கோல் எடுக்கவில்லை. பஸ் ஏறி நேரே போனார், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு. ஹோல்ட் பட்டன் அந்த ரிசீவருக்கு இரண்டு அங்குல தூரத்தில் இருந்திருக்கும்.

மியூட் வேறு, ஹோல்ட் வேறு. மியூட்டில் நம் சத்தம் அவருக்குப் போகாது, அவர் சத்தம் நமக்குக் கேட்கும். ஹோல்டில் இரண்டும் இல்லை. இரண்டையும் மாற்றிப் பாவித்து, மற்றவர் தனியாக வீட்டில் பேசுவதை ஒட்டுக்கேட்பதும் நடக்கிறது. அதுவும் அமானிதத்தில் வரும் விசயம்தான்.

ஃப்ளாஷ், சில போன்களில் ஆர் என்ற எழுத்து. ஆர் என்பது ரிகோல், திருப்பி அழை என்று அர்த்தம், பிரிட்டிஷ் வழக்கம். யாரைத் திருப்பி அழைப்பது? ஒப்பரேட்டரை! பழைய படங்களில் “ஹலோ, ஹலோ” என்று கொளுக்கியைத் தட்டுவார்களே, அப்படித் தட்டும்போது பலகையில் விளக்கு மின்னும், ஒப்பரேட்டர் மறுபடி லைனில் வருவார். மின்னுவதால் ஃப்ளாஷ். இன்று ஒப்பரேட்டர் இல்லை, அந்த இடத்தில் சுவரில் பூட்டிய பீஏபிஎக்ஸ் பெட்டி இருக்கிறது. ஆனால் பட்டன் செய்வது அதே வேலை, லைனை ஒரு கணம் அறுத்து “இங்கே பார்” என்று சொல்வது. அந்தக் கணம் செக்கனில் ஒரு பங்குதான். கையால் தட்டினால் ஒரு தரம் குறைந்துவிடும், ஒரு தரம் கூடிவிடும். கூடினால் கோல் போய்விடும். “உங்களை உள்ளே போடுகிறேன்” என்று சொன்னதும் டொக் என்று லைன் அறுகிற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் கொளுக்கியைத் தட்டியதன் வினைதான் அது.

அப்படி அறுபட்டவர் திரும்பவும் எடுக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் ஐம்பது ரூபாய் ரீலோட் போட்டு ஒரு கோலுக்காகத் தைரியம் திரட்டிப் பேசும் உம்மாமார் இருக்கிறார்கள். இரண்டாவது தரம் எடுக்க அவர்களுக்கு மனம் வராது. பிள்ளை வராத காரணம் நமக்குத் தெரியவராது, வரவு இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் விழும்.

ட்ரான்ஸ்ஃபர் இரண்டு வகை. ஒன்று, ஃப்ளாஷ் அடித்து எக்ஸ்டென்ஷனை அடித்து, உள்ளே எடுப்பவரிடம் “இன்னார் இன்ன விசயமாக வந்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டு நாம் வைப்பது. மற்றது, மணி அடிக்கும் முன்னரே வைத்துவிடுவது, ஒரு வகையில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவது. பழைய ஒப்பரேட்டர் பெரும்பாலும் முதலாவதைச் செய்தார். கம்பியூட்டர் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு இரண்டாவது மிகச் சுலபமாகிவிட்டது. அந்தக் கம்பியூட்டர் எக்ஸ்சேஞ்ச் 1965இல் நியூ ஜேர்சியின் சக்கசன்னா என்ற ஊரில் தொடங்கியது. ஃபோர்வர்டிங், மூவர் பேச்சு, சுருக்க நம்பர் எல்லாம் அதன் பிள்ளைகள். அப்படிப்பட்ட எக்ஸ்சேஞ்ச் கோல்கள் குவிந்து திணறாமல் இருக்க வழி செய்தவர் எர்னா ஹூவர் என்ற கணிதப் பெண். இரண்டாவது மகளைப் பெற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதுதான் முதல் வரைபடங்களைப் போட்டாராம். 1971இல் காப்புரிமை கிடைத்தது. கணிதம் எதற்கு என்று கேட்கும் பெண்பிள்ளைகளுக்கு நாம் வகுப்பில் இவரைத்தான் சொல்கிறோம்.

இலங்கைக் கதையை வேகமாக முடிப்போம். 1980இல் தொலைத்தொடர்பு தபாலிலிருந்து பிரிந்து தனித் திணைக்களமானது. 1991இல் கூட்டுத்தாபனம், 1996இல் கம்பனி, 1997இல் ஜப்பானின் என்டிடி 35 வீதப் பங்கை வாங்கியது. லைனுக்கு விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அதோடு குறையத் தொடங்கியது. அந்தக் காத்திருப்பின் பிள்ளைதான் சந்திக்குச் சந்தி முளைத்த கொமியூனிகேஷன் கடை. கூண்டு போல ஒரு பெட்டி, உள்ளே ஒரு மேசைப் போன், வெளியே மீட்டர். சவூதியிலிருந்து எடுப்பார் என்று அஸருக்குப் பிறகு வரிசையில் நின்ற எத்தனை குடும்பம்! 2003இல் கண்டியின் 08, 081 ஆகி நம்பருக்கு முன்னால் 2 சேர்ந்தது. பழைய பெயர்ப் பலகை எங்காவது 08 என்று நின்றால் அது அந்தக் காலத்துப் பலகை. 2005 வாக்கில் சீடிஎம்ஏ வந்து கொமியூனிகேஷனை மூடியது, பிறகு கைப்போன் சீடிஎம்ஏயை மூடியது. மேசைப் போன் மட்டும் காரியாலயத்தில் தங்கிவிட்டது.

இனி 9. பல காரியாலயங்களில் வெளியே எடுக்க முதலில் 9 அடிக்க வேண்டும். இதில் உயிர் இருக்கிறது, தயவு செய்து கவனியுங்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் கரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அறையில் இருந்த அவருடைய ஒன்பது வயது மகள், வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி அவசர நம்பரை நான்கு தரம் அடித்தாள். லைன் போகவில்லை. அந்த ஹோட்டலில் வெளியே எடுக்க முதலில் ஒரு 9 அடிக்க வேண்டும் என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கரியின் தகப்பன் ஓடித்திரிந்தார். 2018இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது, முன் இலக்கம் இல்லாமலே அவசர நம்பர் போக வேண்டும் என்று.

நமது பிள்ளைகளுக்கு 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், 1929 சிறுவர் உதவி என்று சொல்லிக்கொடுக்கிறோம். பாடசாலைக் காரியாலயத்துப் போனில் 119 அப்படியே போகுமா, 9119 அடிக்க வேண்டுமா? பீஏபிஎக்ஸ் பூட்டியவரிடம் கேளுங்கள். முன் இலக்கம் இல்லாமல் போகும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் போனிலேயே மூன்று மொழியிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். பரீட்சிக்கிறோம் என்று 119ஐ அடித்து விளையாட வேண்டாம்.

இன்னொன்று. பழைய செப்பு லைன் போனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை, எக்ஸ்சேஞ்ச் பெற்றரியே போதும். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக்குள் தண்ணீர் ஏறி, கரண்ட் போன நாட்களிலும் அந்தப் போன் உயிரோடு இருக்கக்கூடியது. இப்போது ஃபைபருக்கு மாறுகிறோம், நல்ல விசயம்தான். ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் அதில் வேலை செய்யும் புதிய திரைப் போனுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மெனுவும் இல்லை, டயல் டோனும் இல்லை. பெட்டிக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வைக்காமல் ஃபைபருக்கு மாறிய காரியாலயம், மழை நாளில் போன் இல்லாத காரியாலயம்.

ட்ரங்கோல் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவர்கள், அவர்களது பிள்ளைகள், பழைய டெலிபோன் பில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தால் கொமென்டில் எழுதுங்கள். தரம் 9 பிள்ளைகள் ஊர் வரலாறு சேகரிக்கிறார்கள், உங்களிடம் பேச அனுப்புகிறோம். மேசையில் பூட்டுப் போட்ட டயல் போன் இன்னும் இருந்தால் ஒரு படமும் போடுங்கள்.